பென்சில் கடைந்த பெருமகன்

நம் பள்ளி மாணவியர் எவருடைய கணிதப் பெட்டியையும் திறந்து பாருங்கள். காம்பஸ், டிவைடர், பாகைமானி, பாதி தேய்ந்த ரப்பர், இவற்றுக்கு நடுவே மைக்ரோடிப் பென்சில் ஒன்று படுத்திருக்கும். அதைச் சீவ வேண்டியதில்லை. தலையை அழுத்தினால் முனையில் லெட் எட்டிப் பார்க்கும். இன்னும் நான்கு முறை அழுத்திவிட்டால் லெட் கழன்று பெஞ்சுக்கு அடியில் ஓடிவிடும்; அதைத் தேடிக் குனிந்தவள் ஆசிரியையின் கண்ணில் படுவாள். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பென்சில் தேவைதானா என்ற வழக்கு பெற்றோருக்கும் ஆசிரியைகளுக்கும் இடையே தீராத வழக்கு. அதில் நாம் தலையிடப் போவதில்லை.

ஜப்பான் நாட்டுப் பிள்ளைகள் இதனை ஷார்ப் பென்சில் என்பர்; சுருக்கமாக ஷா-பென். அதே ஷார்ப் என்ற பெயர் வானொலிப் பெட்டியிலும், தொலைக்காட்சிப் பெட்டியிலும், கால்குலேட்டரிலும் பொறிக்கப்பட்டு உலகெங்கும் விற்றதைப் பெற்றோர் அறிவர். பென்சிலுக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன உறவு? ஒரு மனிதர் வழியாக வந்த உறவு அது. அவர் பெயர் டோக்குஜி ஹயகாவா. பள்ளியில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாத அவர், உலோகத்தைக் கடைந்து, அராவி, மெருகேற்றி, எழுதுகோலாக்கியவர். அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் சொல்ல விழைகிறோம்.

கதைக்குள் போகுமுன் ஒரு தவறைத் திருத்திவிடுவோம். பொது அறிவு நூல்கள் சிலவற்றில், சீவத் தேவையில்லாத பென்சிலைக் கண்டுபிடித்தவர் ஹயகாவா என்று ஒரே வரியில் போட்டிருக்கும். வினாடி வினாவில் மதிப்பெண் வாங்க அது உதவலாம். ஆனால் உண்மை அதுவன்று. 1822ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ், சாம்சன் மோர்டன் என்னும் இருவர் லெட்டை முன்னே தள்ளும் பென்சிலுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டனர். மோர்டனின் பட்டறையில் செய்த வெள்ளிப் பென்சில்கள் அந்நாட்டுச் செல்வர்களின் சட்டைப் பைகளை அலங்கரித்தன. ஹயகாவா தம் பென்சிலைச் செய்த அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கீரன் என்பவரும் எவர்ஷார்ப் என்ற பெயரில் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஆகவே முதலில் கண்டுபிடித்தவர் என்ற பட்டம் ஹயகாவாவுக்கு வேண்டாம். அவருக்கு உரியதை மட்டும் கொடுத்தாலே போதும். அதுவே நிறைய இருக்கிறது.

1893ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டோக்கியோ நகரத்தில் டோக்குஜி பிறந்தான். தாயின் உடல்நலம் மிகவும் குன்றியிருந்தது. எனவே இரண்டு வயது நிறையுமுன்பே டெனோ என்ற குடும்பத்துக்கு வளர்ப்புப் பிள்ளையாகக் கொடுக்கப்பட்டான். தான் வளர்ப்புப் பிள்ளை என்பதே அவனுக்குப் பல ஆண்டுகள் தெரியாது. அந்த வீட்டிற்குச் சிற்றன்னை ஒருத்தி வந்து சேர்ந்தபின் அவன் பட்ட பாட்டை விரித்துச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வறுமை ஒருபுறம், அடியும் ஏச்சும் ஒருபுறம். பள்ளிக்குச் செல்வது நின்றது. தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டும் வேலையைக் கொடுத்து, இரவு வெகுநேரம் வரை அச்சிறுவனை உட்கார்த்தி வைத்தார்கள். தீப்பெட்டி ஒட்டும் பிஞ்சுக் கைகள் என்றால் நம் நாட்டில் எந்த ஊர் நினைவுக்கு வரும் என்று சொல்லவும் வேண்டுமோ! அந்நாளைய டோக்கியோவிலும் அப்படித்தான் இருந்தது.

அண்டை வீட்டில் இனோவே என்ற பெண்மணி ஒருவர் இருந்தார். அவருக்கு இரு கண்களிலும் பார்வை இல்லை. பார்வை உள்ளவர்கள் கண்டும் காணாமல் போன அச்சிறுவனின் துன்பத்தைப் பார்வையற்ற அப்பெண்மணி அறிந்துகொண்டார். இந்த வீட்டிலேயே இருந்தால் பிள்ளை உருப்படாது, ஏன், உயிர் பிழைப்பதே அரிது என்று கண்டு, தமக்குத் தெரிந்த உலோக வேலைப் பட்டறை ஒன்றில் அவனைச் சேர்த்துவிட ஏற்பாடு செய்தார். 1901ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் அவரே அவன் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். டோக்குஜிக்கு அப்போது எட்டு வயதுகூட நிறையவில்லை. அந்தத் தெருவில் யார் யாருக்கு வழிகாட்டிச் சென்றார்கள் என்று சொல்வது கடினம். சிறுவனுக்குக் கண் இருந்தது. அம்மையாருக்கு வழி தெரிந்திருந்தது. தம் கையைப் பற்றியிருந்த அந்தக் கையின் இதமான வெப்பத்தை ஹயகாவா முதுமை வரையில் மறக்கவில்லை. இதை மாணவியர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னால் மீண்டும் இதற்கு வருவோம்.

அவன் சேர்ந்த பட்டறை பொன், வெள்ளி, செம்பு, பித்தளை ஆகியவற்றில் நுணுக்கமான அணி வேலைகள் செய்யும் மரபைச் சேர்ந்தது. கிமோனோ உடுத்தும் பெண்களின் கொண்டை ஊசிகளும், பேழைகளுக்கான பூட்டுத் தகடுகளும் செய்த கைத்தொழில் மரபு அது. தொழில் பழகும் பையனுக்கு அந்நாளில் சம்பளம் கிடையாது. உணவும் உறைவிடமும் உண்டு; எசமானின் வீட்டு வேலையும் உண்டு. உளியைக் கையில் தொடுவதற்கே காத்திருக்க வேண்டும். இவ்வாறு ஏழு ஆண்டுகளுக்கு மேல் டோக்குஜி அங்கே பயின்றான். தகட்டை வெட்டவும், பற்ற வைக்கவும், அரத்தால் அராவவும், மெருகிடவும் கற்றான். நம் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் தந்தையின் அருகில் உட்கார்ந்து ஊதுகுழல் பிடிக்கக் கற்பதைப் போன்றதுதான் இதுவும். ஆனால் அருகில் இருந்தவர் தந்தையல்லர்.

தன் உண்மையான பெற்றோரைப் பற்றி அவன் அறிந்தது இளைஞனான பிறகே. அறிந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. மசஹாரு என்ற தமையனைக் கண்டடைந்ததும், ஹயகாவா என்ற குடும்பப் பெயர் திரும்பக் கிடைத்ததுமே அவனுக்கு மிஞ்சிய செல்வம்.

இனி அவரை மரியாதையோடு அழைப்போம். ஏனெனில் 18 வயதில் அவர் ஒரு பொருளைப் படைத்துவிட்டார். ஒருநாள் திரைப்படம் பார்க்கச் சென்றிருந்தார். படத்தில் வந்த ஒருவர் இடுப்பு வாரின் நுனி சரியாகச் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கதையைப் பார்த்தார்கள். இவர் வாரைப் பார்த்தார்! வாரில் துளையே போடாமல், வேண்டிய அளவுக்கு இழுத்து இறுக்கிக்கொள்ளும் பக்கிள் ஒன்றை உலோகத்தில் செய்தார். தம் பெயரின் முற்பகுதியைச் சேர்த்து அதற்கு டோக்குபிஜோ என்று பெயரிட்டுக் காப்புரிமையும் பெற்றார். 33 குரோஸ் வேண்டும் என்று வணிகர் ஒருவர் கேட்டார். ஒரு குரோஸ் என்பது 144. பெருக்கிப் பார்த்தால் 4,752 பக்கிள்கள்! அதை நம்பி 1912ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டோக்கியோவின் ஹோன்ஜோ பகுதியில் சொந்தப் பட்டறை தொடங்கினார். கையிலிருந்த முதல் 50 யென்னுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி கடன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1915இல், பென்சில் அவரிடம் வந்து சேர்ந்தது. ஆம், அதுவாகத்தான் வந்தது. திருகினால் லெட் வெளிவரும் பென்சில் அப்போதே ஜப்பானில் இருந்தது. உடல் செல்லுலாயிடால் ஆனது, தடிமனானது, எளிதில் உடைந்துவிடும். எழுதுகோல் என்பதைவிட விளையாட்டுப் பொருள் என்பதே பொருந்தும். அதற்கான உலோக உறுப்புகளைச் செய்து தரும்படி இவருக்கு வேலை வந்தது. கேட்டதைச் செய்து கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். இவரோ, இதை ஏன் உண்மையாகவே எழுதக்கூடிய பொருளாகச் செய்யக் கூடாது என்று எண்ணினார்.

இங்கே சிறிது நின்று, இத்தகைய பென்சில் எவ்வாறு உருவாகிறது என்று பார்ப்போம். லேத் பட்டறையைப் பார்த்திராதவர் நம்மில் குறைவு. சக்கில் இறுக்கிய உலோகத் துண்டு வேகமாகச் சுழலும். அசையாது பிடித்த வெட்டுளி அதைத் தொட்டதும் பித்தளைச் சீவல்கள் பொன்னிறத்தில் சுருண்டு விழும். மரத்தைக் கடைந்து பம்பரம் செய்வதும் இதே தத்துவந்தான். ஆனால் பம்பரம் சற்றுக் கோணினால் தலையாட்டிக்கொண்டு சுற்றும், அவ்வளவே. பென்சிலின் கதை அப்படியன்று. அதன் முனையில் உள்ள துளை சரியான நடுவில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் உள்ளிருந்து வரும் லெட் விளிம்பில் இடித்து முறிந்துவிடும். துளை சற்றுப் பெரிதானால் லெட் ஆடும். சிறிதானால் நகரவே நகராது. முனைக்கூம்பும் உடற்குழாயும் ஒன்றோடொன்று பொருந்த மெல்லிய மரை வெட்ட வேண்டும். குழாயின் சுவரோ மிக மெல்லியது. வெட்டுளியைச் சற்று அழுத்திப் பிடித்தால் நசுங்கிப் போகும்.

இவை வெளிவேலை. உள்ளே இருப்பதுதான் சூட்சுமம். திருகு பென்சிலுக்குள் நீளவாக்கில் பிளவு கொண்ட ஒரு குழாய் இருக்கும். அதைச் சுற்றிச் சுருள் சுருளாக ஓடும் பள்ளம் ஒன்று இருக்கும். லெட்டின் பின்புறத்தைத் தாங்கும் சிறிய தண்டிலிருந்து ஒரு முளை அந்தப் பிளவின் வழியே நீட்டிக்கொண்டு சுருள் பள்ளத்தில் அமர்ந்திருக்கும். உடலைத் திருகும்போது முளை சுற்ற முடியாது; பிளவு அதைத் தடுக்கிறது. நிற்கவும் முடியாது, சுருள் அதை உந்துகிறது. வேறு வழியின்றி முன்னே போகிறது, லெட்டையும் தள்ளிக்கொண்டு. சுழற்சி நேர்கோட்டு இயக்கமாக மாறுவதைப் பௌதிக வகுப்பில் நாம் படித்தது இங்கே ஒரு விரல் கனத்துக்குள் நடக்கிறது. ஹயகாவா இந்த உள்ளமைப்பை உறுதியான பித்தளையில் செய்து, நிக்கல் முலாமிட்ட உலோக உடலுக்குள் பொருத்தினார். சிறுவயதில் கொண்டை ஊசிக்கும் பூட்டுத் தகட்டுக்கும் பழகிய அந்தக் கைகளுக்கு இந்த நுணுக்கம் புதியதன்று.

இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டு மாடியிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ சிறிய லேத் ஒன்றை வைத்துக்கொண்டு, தேக்கு, ரோஜா மரம், ஆலிவ் மரம் ஆகியவற்றில் பென்சில் கடைபவர்கள் இருக்கிறார்கள். மரத்துண்டில் துளையிட்டு, பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டி, அதைக் கடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகிட்டு மெருகேற்றுகிறார்கள். காணக் கண்கொள்ளா அழகு! ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் உள்ளிருக்கும் இயக்கத்தைக் கடையில் ஆயத்தமாக வாங்கிப் பொருத்துபவர்களே. ஹயகாவாவுக்கு அத்தகைய கடை இல்லை. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் அவருடைய பட்டறையிலேயே பிறக்க வேண்டியிருந்தது. நம் கருத்தில், புதிதாகக் கண்டுபிடித்ததைவிட, திருத்தமாகச் செய்து முடித்ததே அவருடைய பெருமை.

செய்தாயிற்று, யார் வாங்குவது? கடைக்காரர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தனர். பனிக்காலத்தில் உலோகம் கையைச் சில்லிட வைக்கும் என்றனர். கிமோனோ உடைக்கு இந்தப் பளபளப்பு பொருந்தாது என்றனர். உடைக்கும் பென்சிலுக்கும் என்ன தொடர்பு என்று நாம் சிரிக்கலாம். ஆனால் பையே இல்லாத உடையில் இதை எங்கே செருகுவது என்று யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஹயகாவா சலிக்கவில்லை. டோக்கியோவின் கின்சா கடைவீதிக்கு மீண்டும் மீண்டும் நடந்தார். இந்த மாதிரி வேண்டாம், வேறு மாதிரி கொண்டு வா என்று அனுப்பினால், வேறு மாதிரியோடு போய் நின்றார்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த பொருள்கள் மேல்நாட்டுச் சந்தைகளுக்குக் கிடைக்காமற் போயின. யோக்கோஹாமா துறைமுகத்து வணிக நிறுவனம் ஒன்று இந்தப் பென்சிலை வெளிநாடுகளுக்கு அனுப்பப் பெருமளவில் கேட்டது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் விரும்பி வாங்குகிறார்கள் என்ற செய்தி பரவியதுதான் தாமதம், முன்பு திருப்பி அனுப்பிய உள்ளூர்க் கடைக்காரர்கள் தாமாகவே தேடி வந்தனர். வெளிநாட்டார் மெச்சிய பிறகே நம் பொருளை நாம் மெச்சுவது ஜப்பானுக்கு மட்டும் உரிய வழக்கமா என்பதைப் பெற்றோரே சொல்லட்டும்!

1916இல் லெட்டை இன்னும் மெல்லியதாக்கி, பென்சிலைத் திருத்தி, எவர்-ரெடி ஷார்ப் பென்சில் என்று பெயரிட்டார். எப்போதும் ஆயத்தமானது, எப்போதும் கூரானது என்பது பொருள். தமையன் மசஹாருவும் துணை நின்றார். ஒரே தொழிலாளி தொடக்கமுதல் முடிவுவரை ஒரு பென்சிலைச் செய்யும் பழைய முறையை விட்டு, ஒருவர் ஒரு வேலை செய்து அடுத்தவரிடம் நகர்த்தும் முறையைக் கொண்டுவந்தார். 1923ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 200 பேர் அவரிடம் வேலை செய்தனர். மனைவி, இரு ஆண் மக்கள், வளரும் தொழிற்சாலை. அவருக்கு வயது 29.

அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் சனிக்கிழமை. நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நிலம் நடுங்கியது. வீடுதோறும் பகலுணவுக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். வீடுகளோ மரத்தாலும் காகிதத்தாலும் ஆனவை. பலத்த காற்றும் வீசிற்று. நிலநடுக்கத்தில் தப்பியவர்களை நெருப்பு சூழ்ந்தது. டோக்கியோவிலும் யோக்கோஹாமாவிலும் சுற்றுப்புறத்திலும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். ஹயகாவாவின் பட்டறை இருந்த ஹோன்ஜோ பகுதியில்தான் அழிவு மிகக் கொடியது. அங்கே படைத்துறைத் துணிக்கிடங்கு இருந்த வெற்றிடம் ஒன்றில், திறந்த வெளிதானே என்று நம்பி மக்கள் மூட்டை முடிச்சுகளோடு அடைக்கலம் புகுந்தனர். தீச்சுழல் ஒன்று அவ்விடத்தை வளைத்துக்கொண்டது. அந்த ஒரே இடத்தில் சுமார் 38,000 பேர் இறந்தனர்.

ஹயகாவா உயிர் பிழைத்தார். பிள்ளைகள் இருவரும் பிழைக்கவில்லை. மனைவியும் பிழைக்கவில்லை. தொழிற்சாலை சாம்பலாயிற்று.

இதை எழுதும்போது நமக்கும் பேனா ஓடவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் போனாலே அந்த வீடு தேற ஆண்டுகள் ஆகின்றன. இவருக்கோ அழுவதற்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. பென்சிலை விற்றுத் தந்த நிறுவனம் ஒன்று, முன்பணமாகவும் கடனாகவும் கொடுத்திருந்த 20,000 யென்னை உடனே திருப்பித் தரவேண்டும் என்று வந்து நின்றது. கையில் காசில்லை, காசாக்கும் பொருளும் இல்லை. எஞ்சியிருந்தது ஒன்றே. பத்தாண்டு உழைப்பில் பிறந்த பென்சிலின் காப்புரிமை. அதையும் மீந்த இயந்திரங்களையும் அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தார். அதுமட்டுமன்று. தாமே ஒசாக்கா நகரத்துக்குச் சென்று, தம் பென்சிலைச் செய்யும் முறையை அவர்களுடைய ஆட்களுக்குக் கற்றும் கொடுத்தார். தாம் பெற்ற பிள்ளையைப் போன்ற ஒன்றைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு, அதை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும், எப்படி உண்ண வைக்க வேண்டும் என்று அருகிருந்து சொல்லிக் கொடுப்பதை ஒத்தது இது. அவரைப் பெற்ற தாயும் ஒருகாலத்தில் அவரை இன்னொரு வீட்டில் விட்டவர் அல்லவா?

கடன் தீர்ந்தது. நிலநடுக்கத்துக்குச் சரியாக ஓராண்டு கழித்து, 1924 செப்டம்பர் 1ஆம் நாள், ஒசாக்காவின் புறநகரில் சிறிய உலோகப் பட்டறை ஒன்றைத் திறந்தார். டோக்கியோவிலிருந்து உடன் வந்த தொழிலாளர் சிலர் அவரோடு இருந்தனர். இனி அவர் பென்சில் செய்ய இயலாது. அந்த உரிமை அவருடையதன்று. அந்நகரத்துக் கடிகாரக் கடை ஒன்றுக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு படிக வானொலிப் பெட்டிகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றை வாங்கி வந்து பிரித்துப் போட்டார். மின்சாரத்தைப் பற்றி அவருக்கும் தெரியாது, உடனிருந்தவர்களுக்கும் தெரியாது. ஆனால் உள்ளே இருந்த ஒவ்வோர் உறுப்பும் உலோகத்தில் செய்யப்பட்டதே. செய்து பார்க்க அவர்களால் முடியும். ஜப்பானில் வானொலி ஒலிபரப்பு 1925 மார்ச்சு மாதம் தொடங்கியது. ஏப்ரல் மாதத்தில் அவர்களுடைய பெட்டி பேசியது! ஜப்பானில் செய்யப்பட்ட தொடக்ககால வானொலிப் பெட்டிகளுள் அதுவும் ஒன்று. விலை 3 யென் 50 சென். கைவிட்டுப் போன பென்சிலின் பெயரையே அதற்குச் சூட்டினார்: ஷார்ப்.

இதன் பின்னர் நடந்தவை நூல்களில் விரிவாகக் கிடைக்கும். நாம் விரைந்து கடப்போம். 1953இல் அந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியபோது ஹயகாவாவின் தொழிற்சாலைப் பெட்டிகள் ஆயத்தமாக இருந்தன. 1964இல் அவருடைய நிறுவனத்துப் பொறியாளர்கள் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு கால்குலேட்டர் செய்தனர். அதன் எடை 25 கிலோ. விலை 5,35,000 யென், அதாவது ஒரு காரின் விலை. கணக்குப் பாடம் கடினம் என்று சொல்லும் மாணவியர் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவதைக் கற்பனை செய்துகொள்ளட்டும். 1970இல் நிறுவனத்தின் பெயரே ஷார்ப் என்று மாறியது.

இவற்றையெல்லாம்விட நம் உள்ளத்தைத் தொட்டது வேறு. இரண்டாம் உலகப் போரில் கண்களை இழந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பலர் இருந்தனர். பார்வையற்றவர்க்கு உடம்பு பிடித்துவிடும் தொழிலே ஏற்றது என்று அந்நாட்டில் வழிவழியாக எண்ணி வந்தனர். 1944இல் ஹயகாவா அவர்களுக்காக ஒரு பட்டறையை ஏற்படுத்தினார். உலோகத் தகடுகளை அச்சில் வைத்து அழுத்தி வெட்டும் வேலை அங்கே நடந்தது. கண்ணுள்ளவர்களே விரலைப் பறிகொடுக்கும் இயந்திரம் அது. இது வேண்டாத வேலை என்று எண்ணியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் சிறுவயது முதல் விரல் நுனியால் உலோகத்தை அளந்து பழகியவர் அவர். நேர்த்தியான வேலையில் எவ்வளவு பங்கு கண்ணுடையது, எவ்வளவு கையுடையது என்பது அவருக்குத் தெரியும். போர் முடிந்த பின்னும் பட்டறை மூடப்படவில்லை. 1950இல் அது பார்வையற்றவர்களே நடத்தும் தனித் தொழிற்சாலையாயிற்று.

அதே 1950ஆம் ஆண்டில் ஹயகாவாவின் சொந்த நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்களைக் குறைத்தாலன்றிக் கடன் இல்லை என்று வங்கி கூறிற்று. ஆட்களை அனுப்புவதைவிட நிறுவனத்தையே மூடிவிடலாம் என்ற எண்ணத்தில் அவர் இருந்தார். இதையறிந்த தொழிலாளர்களே கூடிப் பேசி, ஒரு பகுதியினர் தாமாக விலகினர். நிறுவனம் பிழைத்தது. விலகிப் போனவர்களின் வீடுகளில் அந்த மாதம் என்ன சமைத்தார்கள் என்பதை வரலாறு எழுதி வைக்கவில்லை.

1954இல் தம் தொழிற்சாலை இருந்த பகுதியில் வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகமும் திறந்தார். தாயிருந்தும் தாயிடம் வளராதவர், பிள்ளைகளைப் பெற்றும் வளர்க்கக் கிடைக்காதவர் கட்டிய குழந்தைகள் காப்பகம்.

1980ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், 86ஆம் வயதில், டோக்குஜி ஹயகாவா காலமானார். அதற்குள் பென்சில் வெகுதூரம் போயிருந்தது. 1960களில் ஜப்பானிலேயே வேறொரு நிறுவனத்தார் களிமண்ணுக்குப் பதிலாகப் பிசின் சேர்த்து அரை மில்லிமீட்டர் லெட்டைச் செய்துவிட்டனர். திருகுவது போய் அழுத்துவது வந்தது. பித்தளை போய்ப் பிளாஸ்டிக் வந்தது. எந்த நிறுவனம் செய்தாலும், எந்த நிறத்தில் செய்தாலும், அந்நாட்டுப் பிள்ளைகள் கடைக்குப் போய் ஷா-பென் ஒன்று என்றுதான் கேட்கிறார்கள்.